ரிஜெக்ட் சாரின் மீன்பிடிக் கும்பல்

சட்டைக் கம்பெனியில் அவருக்கு ரிஜெக்ட் என்று பெயர். நேரில் ரிஜெக்ட் சார். அவர் திரும்பியதும் அந்த சார் உதிர்ந்துவிடும்.

தைத்து முடித்த சட்டைகள் பெட்டிக்குள் போவதற்கு முன்னால் கடைசியாக அவர் மேசைக்கு வரும். தலைக்கு மேல் இரண்டு ட்யூப்லைட், எதிரே வெள்ளைச் சுவர். ஒரு சட்டையை எடுப்பார், காலரைத் திருப்புவார், கையை விரிப்பார், பட்டனை இழுத்துப் பார்ப்பார், உள்பக்கத் தையலைப் புரட்டுவார். எங்காவது குறை தெரிந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி வீசுவார். கையில் கொடுக்கிற பழக்கம் கிடையாது, வீசுவதுதான். அந்த அம்பு ஸ்டிக்கர் சுருள் ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். வீட்டுக்குப் போகும்போதும் அதை எடுத்து வைப்பதில்லை.

வேலையில் கெட்டிக்காரர் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லலாம்தான். ஆனால் அந்த வார்த்தையும் அவருக்கு அதிகம். தையல் விட்டுப்போன சட்டையையும் திருப்புவார், ஒரு நூல் பிசிறு தொங்குகிற சட்டையையும் அதே வேகத்தில் திருப்புவார். கத்தரியால் நறுக்கினால் போகிற பிசிறு. கத்தரி அவர் மேசையிலேயே கிடக்கும். அதை எடுத்து நறுக்குவது தன் வேலை இல்லை என்று அவருக்கு ஒரு கொள்கை. கொள்கை என்று அவர் சொல்லிக்கொண்டதைக் கம்பெனியில் வேறு பெயர் சொல்லி அழைத்தார்கள்.

மனிதர்களையும் அவர் அப்படித்தான் பார்ப்பார். மேலிருந்து கீழே ஒரு பார்வை, அம்பு ஒட்டியாகிவிடும். கட்டிங் மாஸ்டர் சத்தமாகச் சிரிப்பவர், ஆகவே முட்டாள். அயர்ன்காரர் கழுத்தில் எப்போதும் ஈரத்துண்டு, ஆகவே அழுக்கு. பட்டன் துளைக்குக் காஜா போடுகிற அக்கா வாய் ஓயாதவள். சரக்கு வண்டி டிரைவர் எங்கே உட்கார்ந்தாலும் தூங்குகிறவர். இவர்களில் யாரோடும் அவர் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. சாப்பாட்டு அறையில் ஜன்னலோரம் ஒற்றை நாற்காலி ஒன்று உண்டு. முகத்தை வெளியே திருப்பி வைத்துக்கொண்டு சாப்பிடுவார். வெளியே இருப்பது பக்கத்துக் கம்பெனியின் தண்ணீர்த் தொட்டி.

இதெல்லாம் இப்படியே போயிருக்கும். மகளுக்குக் கல்யாணம் வந்துதான் கெடுத்தது.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். அவருடைய அப்பா ஊரில் பாதிப்பேர் தோளில் கைபோட்டுப் பழகிய மனிதர். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் நாற்காலி போதாமல் ஆட்கள் சுவரோரமாக நின்றார்கள். பெண் வீட்டுப் பக்கம், கம்பெனிக்காரர்களுக்கு என்று ஒதுக்கிவைத்த வரிசைகளில், கம்பெனியின் பியூன் மட்டும் மடியில் ஒரு சுவர்க் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலாளி அனுப்பிய பரிசு. அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் சாப்பாட்டு மேசை வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார். கம்பெனியில் அவசர ஆர்டர் என்று மனைவி சம்பந்தியம்மாவிடம் சொல்லிச் சமாளித்தாள். ரிஜெக்ட் சார் கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பெரிய முள் வளைந்திருக்கிறது என்றார்.

கல்யாணம் முடிந்து சில மாதம் கழித்து ஒரு விடுமுறை மத்தியானம் மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை நல்ல மனிதர். யாரோடு உட்கார்ந்தாலும் எதையாவது பேசியாக வேண்டும் அவருக்கு. டீ வருவதற்குள் மாமனாரிடம் பேசுவதற்கு இருந்ததெல்லாம் தீர்ந்துபோய், லீவு நாட்களில் உங்களுக்கு எப்படிப் பொழுது போகும் மாமா என்று கேட்டார்.

மனைவி டீத் தட்டோடு வாசற்படியில் நின்றுவிட்டாள். பதிலை அவளும் கேட்க விரும்பியது போல இருந்தது. உண்மையான பதில், குளியலறைக் குழாய் சொட்டுவதைப் பார்த்து அவளைத் திட்டுவது, பக்கத்து வீட்டுக்காரர் பூசிய பெயிண்டில் திட்டுத் திட்டாக இருப்பதை மாடியிலிருந்து பார்ப்பது. அதைச் சொல்ல முடியாது. பஸ் ஸ்டாப் சுவரில் தினமும் கண்ணில் படுகிற ஒரு நோட்டீஸ் அவருக்கு ஞாபகம் வந்தது. படகுப் படம், கும்பலாகக் கடலுக்குப் போய் மீன் பிடிக்கலாம் என்று எழுத்து. கடலுக்கு என்பதைக் காடலுக்கு என்று நீட்டி அச்சடித்திருப்பது அவருக்குப் பிடிக்காது என்பதால்தான் அதை அவர் கவனித்ததே.

“கடலுக்குப் போவோம் மாப்ள,” என்றார். “கம்பெனில நாங்க ஒரு கும்பல் இருக்கோம். படகு வாடகைக்கு எடுத்துக்கிட்டுத் தூண்டில் போடப் போயிடுவோம்.”

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகள் குழாயை மூடினாள்.

மாப்பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை என்றார். அடுத்த தடவை நானும் வருகிறேன் என்றார். அதோடு விட்டாரா, அங்கேயே போனை எடுத்துத் தன் அப்பாவுக்கும் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது. நல்லவிதமான சிரிப்புதான். ஆனால் நம்பிய சிரிப்பா என்று ரிஜெக்ட் சாரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கிளம்பும்போது மகள் செருப்பு மாட்டுகிற சாக்கில் பின்தங்கினாள். கண்ணைத் தூக்காமல் சொன்னாள்.

“அப்பா, அங்க இப்பவும் அந்தக் கடிகாரக் கதையச் சொல்லிச் சிரிக்கிறாங்க. உங்க அப்பாவுக்கு ஒரு மனுஷன்கூட இல்லையாங்கறாங்க. இதுவும் பொய்னு தெரிஞ்சா என்னால அந்த வீட்டுல தலை நிமிந்து நிக்க முடியாது. ஒரே ஒரு தடவை போயிட்டு வந்துடுங்க. அது போதும்.”

அவள் போனபிறகு மனைவி டீக் கோப்பைகளை எடுத்தபடி ஒன்றே ஒன்று கேட்டாள். “படகு கிடைக்கும். கும்பலுக்கு எங்க போவீங்க?”

படகு கிடைக்கத்தான் செய்தது. படகுத்துறையில் ஒரு தகரக் கொட்டகை, அதன் முன்னால் முழங்கை வரை கிரீஸோடு படகுக்காரர். ஆறு பேருக்குக் குறைந்தால் எடுப்பதில்லை என்றார். கடலில் ஒருத்தன் மயங்கினால் பிடிக்க ஒருத்தன், தேற்ற ஒருத்தன் வேண்டாமா என்றும் விளக்கினார். ரிஜெக்ட் சார் படகைச் சுற்றி வந்து பெயிண்ட் உரிந்த இடங்களைக் காட்டினார். படகுக்காரர் அந்த இடங்களை ஏற்கெனவே பார்த்திருப்பவர் போல முகத்தை வைத்துக்கொண்டார். விடுமுறை நாளுக்குப் பேசி முடித்தாயிற்று.

தான் ஒன்று, மாப்பிள்ளை இரண்டு. இன்னும் நாலு பேர் வேண்டும்.

மறுநாள் கம்பெனியில் அவர் மேசையில் சட்டை குவிந்துகொண்டே இருந்தது, அவர் அங்கே இல்லை. கட்டிங் டேபிள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கட்டிங் மாஸ்டர் துணியை அடுக்கடுக்காக விரித்து மெஷின் கத்தியை ஓட்டிக்கொண்டிருந்தவர், இவரைக் கண்டதும் கத்தியை நிறுத்தினார். அவர் வெட்டிய காலர்தான் ரிஜெக்ட் சார் அதிகமாகத் திருப்புகிற சாமான். இரண்டு முனையும் ஒரே நீளத்தில் இல்லை என்று அம்பு, வளைவு சரியில்லை என்று அம்பு. அம்பு ஒட்டிய காலர்களைக் கட்டிங் மாஸ்டர் ஒரு கம்பியில் கோத்துத் தன் மேசைக்கு மேல் தொங்கவிட்டிருந்தார். வருகிறவர்கள் எல்லாம் பார்க்கட்டும் என்றுதான்.

ரிஜெக்ட் சார் அந்தக் கம்பியைப் பார்க்காமல், வருகிற லீவு நாளில் உங்களுக்கு வேலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ஓவர்டைம் என்றால் முடியாது என்றார் கட்டிங் மாஸ்டர். ஓவர்டைம் இல்லை, கடலில் மீன் பிடிக்க, படகு, என் செலவு என்று வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார் இவர்.  நெற்றியைத் தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டார் கட்டிங் மாஸ்டர். அரை மணி நேரத்தில் கம்பெனி முழுக்கச் செய்தி போய்விட்டது.

சாப்பாட்டு நேரத்தில் அவர் ஜன்னலோர நாற்காலிக்குப் போகவில்லை. டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு நீள மேசைக்கு வந்தார். அங்கே கட்டிங் மாஸ்டர், அயர்ன்காரர், காஜா அக்கா. சுவரில் சாய்ந்து டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தார். யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. பெஞ்சின் கடைசியில் பாதி உடம்பை மட்டும் வைத்து உட்கார்ந்தார்.

காஜா அக்காள் ஓயாமல் பேசுகிறவள் என்பது உண்மை. ஆனால் பேசிக்கொண்டே பார்க்கிறவள். இவர் சோற்றைப் பிசைவதையும் சாப்பிடாமல் இருப்பதையும் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“சம்பந்தி வீட்டுல என்னமோ அளந்து விட்டிருக்கீங்க. அதுக்கு நாங்க சாட்சி சொல்லணும். அதானே சார்?”

 ரிஜெக்ட் சாருக்கு இவர்களிடம் கேட்க வேண்டியிருக்கிறதே என்ற அருவருப்பு ஒரு பக்கம், தலை குனிந்து நிற்கிற மகள் இன்னொரு பக்கம். கடைசியில் ஆமாம் என்று தலையாட்டினார். நடந்ததைச் சொன்னார். கடிகாரத்தை மட்டும் விட்டுவிட்டார். அதைக் காஜா அக்காளே சேர்த்துக்கொண்டாள், பியூன் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

அவர்கள் உடனே ஒத்துக்கொண்டார்கள். அதைப் பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். ரிஜெக்ட் ஒரு நாள் முழுக்க நம் கையில் மாட்டியிருக்கும் என்பதில் கிடைக்கிற சுகம் வேறு எதில் கிடைக்கும். டிரைவரை எழுப்பிக் கேட்டார்கள். படகில் தூங்க இடம் இருக்குமா என்று கேட்டார், இருக்கும் என்றதும் சரி என்றுவிட்டு மறுபடி கண்ணை மூடினார்.

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரம் ஒத்திகை நேரமாயிற்று. ரிஜெக்ட் சார் திட்டம் போட்டார். சார் என்று கூப்பிடக் கூடாது, அண்ணே என்று கூப்பிட வேண்டும். இதற்கு முன் பல தடவை போயிருக்கிறோம் என்பதால் படகைக் கண்டு வாயைப் பிளக்கக் கூடாது. தூண்டிலை எப்படிப் பிடிப்பது என்று போனில் ஒரு வீடியோ பார்த்து, இஞ்ச் ஸ்கேலை வைத்துக் காட்டினார். அயர்ன்காரர் அதை ஏந்திய விதத்தில் குறை கண்டுபிடித்தார். காஜா அக்காள் புழுவைத் தொட மாட்டேன் என்றபோது, தொடாமல் இதுவரைக்கும் எப்படி மீன் பிடித்தாய் என்று மாப்பிள்ளை கேட்பாரே என்றார்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. பழைய பயணங்கள் என்று இருந்தால் அவற்றில் ஏதாவது நடந்திருக்க வேண்டும் அல்லவா. போன தடவை கட்டிங் மாஸ்டர் ஒரு மீன் பிடித்தார் என்று வைத்துக்கொள்வோம் என்றார் ரிஜெக்ட் சார். எவ்வளவு பெரியது என்று கேட்டார் கட்டிங் மாஸ்டர். இவர் கையை ஒரு சாண் விரித்துக் காட்டினார். இல்லாத மீனைப் பிடிப்பதற்கு நான் எதற்குச் சின்னதாகப் பிடிக்க வேண்டும் என்று கட்டிங் மாஸ்டர் இரண்டு கையையும் விரித்தார். அவ்வளவு பெரியது இவருக்குக் கிடைத்திருந்தால் அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அயர்ன்காரர் கேட்டார். பெரிய மீன் தன்னுடையது, தூண்டிலை மட்டும் கட்டிங் மாஸ்டர் பிடித்திருந்தார் என்றார். நடக்காத பயணத்தில் பிடிக்காத மீனுக்கு இரண்டு பேரும் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் காஜா அக்காள்தான் அந்த மீன் கயிறு அறுந்து தப்பித்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லிச் சமாதானம் செய்தாள்.

இவர்களை நம்பியா மகளின் மானத்தை வைத்திருக்கிறேன் என்று ரிஜெக்ட் சார் வீட்டில் புலம்பினார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவங்களும் அதையேதான் கேட்டுக்கிட்டிருப்பாங்க என்று ஒரு துண்டை உதறினாள்.

விடுமுறை நாள் விடிந்தது. படகுத்துறையில் மாப்பிள்ளை முதலிலேயே வந்து நின்றார். புதுத் தூண்டில், புதுத் தொப்பி, ஒரு பெரிய பிளாஸ்க். கட்டிங் மாஸ்டர் வரும்போதே “என்ன அண்ணே, மாப்ளயக் கூட்டிட்டு வர இவ்வளவு நாளா?” என்று ரிஜெக்ட் சாரின் முதுகில் ஒரு அடி வைத்தார். ஒத்திகையில் இல்லாத அடி. கொஞ்சம் பலமாகவே விழுந்தது. அயர்ன்காரர் அன்றைக்கும் ஈரத்துண்டோடு வந்திருந்தார். காஜா அக்காள் மாப்பிள்ளையிடம் பேச ஆரம்பித்து, லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதுவரைக்கும் போய்விட்டாள். எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அதுவே ரிஜெக்ட் சாருக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஒழுங்காக நடக்கிற ஒன்றின் பக்கத்தில் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது.

படகுக்காரர் ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டே, ஆளுக்கு ஒன்று போட்டுக்கொள்ளச் சொல்லி லைஃப் ஜாக்கெட்டுகளைக் கொண்டுவந்து குவித்தார். ஆரஞ்சு நிறத் துணி, உள்ளே தக்கை, குறுக்கே நாடா. கும்பல் மாப்பிள்ளையைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தது. குவியல் ரிஜெக்ட் சாரின் முன்னால் கிடந்தது.

கை தானாகப் போயிற்று. ஒன்றை எடுத்தார், விளிம்பைத் திருப்பினார். பிசிறு. சட்டைப் பையிலிருந்து சுருள் வந்தது, ஒரு அம்பு. அடுத்ததில் தையல் கோணல், ஒரு அம்பு. நாடா தைத்த இடத்தில் நூல் முடிச்சு வெளியே தெரிகிறது, அம்பு. பட்டை இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை, இரண்டு அம்பு. அந்தக் காலை முழுவதிலும் அவர் நிம்மதியாக இருந்தது அந்தச் சில நிமிஷங்கள்தான். எல்லாவற்றையும் பார்த்து முடித்து, வழக்கப்படி ஒவ்வொன்றாக வீசினார். அவரவர் கையில் விழுந்ததை அவரவர் மாட்டிக்கொண்டார்கள். கம்பெனியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை அம்பைப் பார்க்கிற கண்கள். அதை அவர்கள் கவனிக்கவே இல்லை. மாப்பிள்ளை மட்டும் தன் மார்பிலிருந்த அம்பைப் பார்த்து, எந்தப் பக்கம் மாட்டுவது என்பதற்கு அடையாளம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

படகு கிளம்பி, துறையின் வாய்க்கு வந்ததும் நின்றது. கடலுக்குள் போகிற படகுகளை அங்கே ஒரு காவலர் பார்த்துத்தான் அனுப்புவார். தலையை எண்ணுவார், எல்லோரும் ஜாக்கெட் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பார், கையைக் காட்டுவார். அவ்வளவுதான் சோதனை. அன்றைக்கு அவர் கை பாதியில் நின்றது. ஆறு ஆரஞ்சு ஜாக்கெட்டிலும் சிவப்பு அம்புகள். சிலவற்றில் மூன்று, நாலு.

இது என்ன என்று கேட்டார். படகுக்காரர் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார், அவருக்கும் தெரியவில்லை. ரிஜெக்ட் சார் எழுந்து நின்றார். கம்பெனியில் யாரும் அவரிடம் இதுவரை கேட்காத கேள்வி அது. அம்பு ஒட்டினால் திட்டுவார்களே தவிர ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

“நான்தான் ஒட்டினேன். எல்லாமே டிஃபெக்ட் பீஸ். எங்க கம்பெனில இந்த மாதிரி ஒண்ணு வந்தா வாசலத் தாண்ட விட மாட்டேன்.”

“அப்ப இதப் போட்டுக்கிட்டுக் கடலுக்குப் போகக் கூடாதுங்கறீங்க?”

“எப்படிப் போக முடியும்?” என்றார் ரிஜெக்ட் சார்.

சொன்ன பிறகுதான் தன் வார்த்தை அவருக்கே கேட்டது. காவலர் அதற்குள் படகைத் திருப்பச் சொல்லிவிட்டார். இல்லை இல்லை, இது சும்மா பிசிறு, நறுக்கினால் போய்விடும், உயிருக்கு ஒன்றும் ஆகாது என்று இவர் ஒவ்வொரு அம்பாக விளக்கப் பார்த்தார். ஒட்டினவரே சொன்ன பிறகு என்னிடம் என்ன பேச்சு என்றார் காவலர். நாளைக்கு யாராவது தண்ணீரில் போனால் அந்தச் சிவப்பைப் பார்த்தும் அனுப்பினது யார் என்று என்னைத்தான் கேட்பார்கள் என்றார். அதில் நியாயம் இருந்தது. ரிஜெக்ட் சார் ஒரு ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். நல்ல பசை, வரவில்லை.

கரைக்கு வந்து இறங்கியதும் கட்டிங் மாஸ்டர் வாயைத் திறந்தார். இத்தனை வருஷமாகக் கம்பியில் கோத்து வைத்திருந்தது மொத்தமும் அவிழ்ந்தது.

“யோவ், கடல்லயுமாய்யா? கடலுக்கு வந்துமா ஒட்டுவ? கடவுளே நேர்ல வந்தா அவரு காலர்லயும் ஒட்டுவ நீ. உன் கையில ஒரு பச்சக் கொழந்தயக் குடுத்தா திருப்பித் திருப்பிப் பாத்துட்டு வீசிடுவ.”

அயர்ன்காரர் ஈரத்துண்டை உதறி, அவர் திருப்பிய சட்டைகளை எத்தனை தடவை மறுபடி தேய்த்திருப்பேன் என்று ஆரம்பித்தார். காஜா அக்காள் அடுத்ததைப் பிடித்துக்கொண்டாள், மூச்சு விடவில்லை. டிரைவர்கூட விழித்துக்கொண்டு, இதற்குத்தான் என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பினீர்களா என்று கேட்டார். அண்ணே போயிற்று, சார் போயிற்று, ரிஜெக்ட் மட்டும் துறை முழுக்கக் கேட்டது. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

 ரிஜெக்ட் சார் பார்த்துக்கொண்டிருந்தது மாப்பிள்ளையை. முடிந்தது, எல்லாம் தெரிந்துவிட்டது. இன்று சாயங்காலமே அந்த வீட்டில் சிரிப்பார்கள், மகள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள். 

மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

“எங்கப்பாவயும் அவரு கூட்டாளிங்க இப்படித்தான் மாமா கிழிப்பாங்க. வெளியாளுங்கன்னா நமக்கு எதுக்குன்னு பேசாம போயிடுவாங்க. இவ்வளவு உரிமையாத் திட்டணும்னா எத்தன வருஷப் பழக்கம் இருக்கணும்.”

கட்டிங் மாஸ்டருக்குத் திட்டு பாதியில் நின்றுவிட்டது. காஜா அக்காளைப் பார்த்தார். காஜா அக்காள் கடலைப் பார்த்தாள்.

ரிஜெக்ட் சாருக்கு மூச்சு திரும்பியது. திரும்பிய மூச்சில் முதலில் தோன்றியது, இந்த மாப்பிள்ளை இவ்வளவு ஏமாளியா என்பதுதான். காப்பாற்றியவர் மேலேயே அம்பை ஒட்டுகிற புத்தி. என்ன செய்வது, கூடப் பிறந்தது.

எல்லோரும் துறைமுனை டீக்கடைக்குப் போனார்கள். மாப்பிள்ளையின் பிளாஸ்க்கும் காலியாயிற்று. பெஞ்சின் கடைசியில் ரிஜெக்ட் சார் உட்கார்ந்து, தன் கிளாஸின் விளிம்பு உடைந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அடுத்த விடுமுறை நாளுக்குத் திட்டம் போட்டு முடித்துவிட்டார்கள். படகுக்காரர் வேறு ஜாக்கெட் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை என்று கட்டிங் மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொன்னார். சொன்னது ரிஜெக்ட் சாருக்கும் கேட்டது. அந்தப் பெரியவர் வந்தால் நான் எஞ்சினை எடுக்க மாட்டேன்.

ஆறாவது ஆளாக அயர்ன்காரர் தன் தம்பியைச் சொன்னார். கட்டிங் மாஸ்டர் மாப்பிள்ளையிடம் போய், அன்றைக்கு அண்ணனுக்குக் கம்பெனியில் அவசர ஆர்டர் இருக்கிறது என்றார்.

அந்த விடுமுறை நாள் முழுவதும் ரிஜெக்ட் சார் வீட்டு ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தார். குழாய் சொட்டியது, எழுந்து போய்ப் பார்க்கவில்லை. கடலில் ஒரு நாள் முழுக்கப் பேச வேண்டும். பேசாமல் இருக்க முடியாத காஜா அக்காள், சிரிக்காமல் இருக்க முடியாத கட்டிங் மாஸ்டர், எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கிற மாப்பிள்ளை. தான் அங்கே இல்லை, தடுக்க ஆளில்லை. அவர்கள் உண்மையைச் சொல்லாமல் இருப்பதற்கு ஒரு காரணம் தேடிப் பார்த்தார். தான் அவர்களுக்கு ஒரு நாளாவது ஏதாவது நல்லது செய்திருந்தால் அது காரணமாக இருக்கும். நீண்ட நேரம் யோசித்தார். காஜா அக்காளின் குடையை ஒரு தடவை எடுத்துக்கொடுத்தது ஞாபகம் வந்தது. அதுவும் அது தன் வழியில் கிடந்ததால்.

சாயங்காலம் மாப்பிள்ளையும் மகளும் வந்தார்கள். மாப்பிள்ளையின் முகம் வெயிலில் கருத்து, கையில் ஐஸ் வைத்த பை. நாலு மீன், நடுத்தர அளவு. ரிஜெக்ட் சார் ஒன்றின் செவுளை விரித்துப் பார்த்தார். மகள் அவருடைய கையையே பார்த்தாள். அவர் செவுளை மூடினார். மனைவி மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். எண்ணெய் காயும் சத்தம் வந்தது.

மாப்பிள்ளை உட்காரக்கூட இல்லை.

“தங்கமான ஆளுங்க மாமா. பழைய கதையெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு வயிறே புண்ணாயிடுச்சு. ஒரு தடவ நீங்க மீன்னு நெனச்சு உங்க செருப்பையே தூண்டில்ல இழுத்தீங்களாமே. இன்னொரு தடவ படகு ஆடுதுன்னு காஜா அக்கா கையப் பிடிச்சுக்கிட்டு வழி முழுக்க அழுதீங்களாமே.”

ரிஜெக்ட் சாரின் காதுமடல் சூடாயிற்று. கயவர்கள். தன் பொய்யைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், அதற்குள் தன்னை இந்தக் கோலத்தில் நிறுத்திவைத்துத்தான். இல்லை என்றால் எல்லாமே இல்லை என்றாகிவிடும். ஆமாம் என்றால் ஆயுசுக்கும் செருப்பு பிடித்தவர். ஒரு நாள் கடலில் உட்கார்ந்து நிதானமாக இழை பார்த்துத் தைத்திருக்கிறார்கள், எங்கேயும் பிசிறு இல்லை.

“அது கெடக்கட்டும்,” என்றார் மாப்பிள்ளை. “ஒரு தடவ நீங்க கடல்லயே விழுந்துட்டீங்களாம். கட்டிங் மாஸ்டர்தான் தல முடியப் பிடிச்சுத் தூக்கிப் போட்டாராம். நெசமா மாமா? எங்கப்பா நம்பவே மாட்டேங்கறாரு. உங்களையே கேட்டுச் சொல்லுன்னாரு.”

மனைவி கரண்டியோடு கதவோரத்தில் வந்து நின்றாள். மகள் சுவரில் சாய்ந்திருந்தாள். அங்கே மாட்டியிருந்த கடிகாரத்தின் பெரிய முள் வளைந்துதான் இருந்தது. ரிஜெக்ட் சார் தன் தலையைத் தடவினார். தன் கல்யாணத்துக்கு முன்பே வழுக்கை விழுந்த தலை. சமையலறையில் இருந்தபடியே கண்டுபிடித்துவிடலாம் அந்தக் கதையின் ஓட்டையை. மனைவி வாயை இறுக மூடிக்கொண்டிருந்தாள். அது சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை.

“முடியெல்லாம் இல்ல மாப்ள,” என்றார் கடைசியில். “காலர். காலரப் பிடிச்சுத்தான் தூக்கினாரு. அவரு வெட்டின காலருதான் அது. ரெண்டு மொனையும் சரியா இருந்துச்சு. கிழியல.”

மகள் சுவரை விட்டு நகர்ந்தாள். அப்பாவுக்கு நான் தட்டு எடுத்து வைக்கிறேன் என்று உள்ளே போனாள். மனைவி இன்னும் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, மீன் கருகுகிறது என்று திரும்பினாள்.

சாப்பிடும்போது, உப்பு கொஞ்சம் கம்மி என்றார்.